சின்ன ரிவியை மொனிற்றராக்கினால் எழுத்து ஏன் மங்குகிறது?

24 அங்குல ரிவியும் 24 அங்குல மொனிற்றரும் உள்ளே ஏறக்குறைய ஒரே பொருள்தான். பின்னால் எல்ஈடி வெளிச்சம், அதற்கு முன்னால் திரவப் படிகத் தட்டு, அந்தத் தட்டில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறக் கட்டங்கள் சேர்ந்த பிக்சல்கள். ஆனாலும் லப்டொப்பை ரிவியில் கொழுவிப் பாருங்கள். படம் அழகாக ஓடும். வேர்டைத் திறந்தால் எழுத்து மங்கும். மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று தெரியாது. மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோயிருக்கும். கீழே டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டிருக்கும்.

வன்னியில் இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பல வீடுகளில் இருக்கும் ஒரே பெரிய திரை ரிவிதான். உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு யாராவது பழைய சிபியு ஒன்றைக் கொடுத்தால், மொனிற்றருக்கு வேறு காசு தேடாமல் வீட்டு ரிவியிலேயே கொழுவுவது புத்தியான வேலை. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்க வந்து வாடகை அறையில் இருப்பவர்களுக்கும் ஒரே திரையில் இரண்டு வேலையும் நடந்தால் நல்லதுதானே. எழுத்து மங்கியதும் "மலிவு ரிவி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளை கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படிக்கிறது. பெரும்பாலும் தட்டில் பிழையே இருக்காது. தட்டுக்குப் படத்தைக் கொடுக்கும் சிப் செய்யும் வேலை இது. ரிவியின் சிப் தனக்கு வருவதையெல்லாம் ஒளிபரப்பு என்று எடுத்துக்கொண்டு, திருத்தி அழகாக்கப் பார்க்கும். கணினி அனுப்பும் படத்துக்குத் திருத்தம் வேண்டாம். எந்தப் பிக்சல் எந்த நிறம் என்று முடிவெடுத்த பிறகுதான் கணினி அதை அனுப்புகிறது.

முதலாவது திருத்தம் அளவில் நடக்கிறது. மலிவான 24, 32 அங்குல ரிவிகளில் அதிகம் வருவது 1366×768 பிக்சல் தட்டு, அதாவது குறுக்கே 1366 பிக்சல், மேலிருந்து கீழே 768 வரி. பழைய கணினித் திரைகளின் அளவு 1024×768. அந்த 768 வரிகளை வைத்துக்கொண்டு அகலத்தை 16:9 விகிதத்துக்கு நீட்டினால் 1365.33 வரும். அதைத்தான் 1366 ஆக்கிக்கொண்டார்கள். ஆனால் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வரும் ரிவிப் படத்தின் வழக்கமான அளவுகள் 1280×720, 1920×1080. கேபிளைக் கொழுவியவுடன் ரிவி தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்றைக் கணினிக்குக் கொடுக்கும். ஈடிஐடி என்று அதற்குப் பெயர், அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். என் திரை இத்தனை சென்ரிமீற்றர் அகலம், இன்னின்ன அளவுப் படத்தை ஏற்பேன் என்று அதில் இருக்கும். அந்தக் குறிப்பின் சுருக்கப் பட்டியலில் அகலத்தை எட்டின் மடங்காக மட்டும்தான் எழுத முடியும். 1360 எழுதலாம், 1368 எழுதலாம், 1366 எழுத முடியாது. விரிவாக எழுதுவதற்கு வேறு இடம் உண்டு. பல மலிவு ரிவிகளில் அந்த இடத்தையும் 720, 1080 அளவுகளே பிடித்திருக்கும்.

அப்புறம் என்ன நடக்கும்? கணினி 720 வரிகளை அனுப்பும், தட்டில் 768 வரிகள் இருக்கும். சுருக்கிப் பார்த்தால் 15க்கு 16. பதினைந்து பேருக்குக் கட்டிய சோற்றுப் பார்சலை அவிழ்த்துப் பதினாறு பேருக்குப் பங்கிடுவது மாதிரி, எல்லோருக்கும் கிடைக்கும், ஆனால் ஏறக்குறைய எல்லோருடைய பங்கும் இரண்டு பார்சலில் இருந்து எடுத்துக் கலந்ததாக இருக்கும். ஒரு பிக்சல் அகலமான கறுப்புக் கோடு இரண்டு பிக்சலில் சாம்பலாகப் பரவிவிடும். படக் காட்சியில் இது தெரியாது, ஏனென்றால் கமெராவில் பிடித்த உருவங்களின் விளிம்பு முதலிலேயே மென்மையானது. எழுத்துக்கு விளிம்புதான் உயிர். 12 பொயின்ற் அளவு எழுத்துக்குச் சாதாரணக் கணினித் திரையில் கிடைக்கும் உயரம் 16 பிக்சல். அதற்குள் ஒரு ண எழுதவேண்டும் என்றால் சுழிக்கும் சுழிக்கும் இடையில் ஒன்று இரண்டு பிக்சல்தான் மிஞ்சும். அந்த இடைவெளியில் சாம்பல் நிரம்பினால் ண போய்விடும். ஆங்கில எழுத்துக்கு இவ்வளவு சேதம் வராது. தமிழில் படிக்கும் பிள்ளைக்கே இழப்பு அதிகம்.

"அப்படியென்றால் 1080 அனுப்பினால் நல்லாயிருக்குமே" என்று பலர் நினைக்கிறார்கள். 768 வரித் தட்டுக்கு அது இன்னும் மோசம். அப்போது 45 வரிகளை 32 வரிகளுக்குள் அமுக்க வேண்டும். மெல்லிய கோடுகள் சில இடத்தில் தடிக்கும், சில இடத்தில் மறையும். தட்டில் எத்தனை பிக்சல் உண்டோ அத்தனையைத்தான் அனுப்ப வேண்டும். கணினியின் காட்சி அமைப்புக்குப் போய் 1366×768 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 1360×768 ஐத் தெரிவு செய்யுங்கள். அதுவும் எச்டிஎம்ஐயில் கிடைக்காவிட்டால், ரிவியின் பின்பக்கத்தில் விஜிஏ துளை உண்டா என்று தடவிப் பாருங்கள். 1987 இல் ஐபிஎம் கொண்டுவந்த பழைய இணைப்பு அது. அந்த வழியால் கணினிதான் வரும் என்று ரிவிக்குத் தெரியும், அதனால் பல ரிவிகள் அதில் வரும் படத்தை வெட்டாமல், நீட்டாமல் அப்படியே காட்டும். சத்தத்துக்கு மட்டும் தனி வயர் போட வேண்டிவரும்.

இரண்டாவது, ஓரம் வெட்டுப்படுவது. இதற்குப் பெயர் ஓவர்ஸ்கேன். காரணம் பழைய குழாய் ரிவிகளின் காலத்தில் இருக்கிறது. அந்தக் குழாய்க்குள் எலக்ட்ரோன் கற்றை ஒன்று இடமும் வலமும், மேலும் கீழும் அசைந்து படத்தை வரையும். அது எவ்வளவு தூரம் அசையும் என்பது மின்னழுத்தத்தோடு மாறும், குழாய் பழசாகப் பழசாகவும் மாறும். வன்னிக்கு மின்கம்பி வழியே கரண்ட் வராத போர்க்காலத்தின் அந்த நீண்ட வருடங்களில் ஜெனரேற்றர் வைத்துப் படம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இஞ்சின் திணறும்போது படம் உள்ளே சுருங்குவதும், பிறகு விரிவதும் அவர்கள் கண்டதுதான். சுருங்கினாலும் ஓரத்தில் கறுப்பு தெரியக் கூடாது என்பதற்காகவே படத்தைக் கண்ணாடியை விடப் பெரிதாக வரைந்தார்கள். ஒளிபரப்புக்காரரும் அதை அறிந்து எழுத்துகளை ஓரத்தில் இருந்து தள்ளியே போட்டார்கள்.

இன்றைய தட்டில் எதுவும் அசைவதில்லை. உள்ளே இருக்கும் மின்வழங்கி பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்றுக்கொள்ளும். லைன் முடிகிற ஊரில், எல்லா வயலிலும் மோட்டர் ஓடும் நேரத்தில், கரண்ட் குறைந்தாலும் படம் ஒரு பிக்சல்கூடச் சுருங்காது. ஆனாலும் பழைய வழக்கம் சிப்பில் தங்கிவிட்டது. பக்கத்துக்கு நூற்றுக்கு இரண்டரை வீதம் வெட்டினால் 1920×1080 படத்தில் மிஞ்சுவது 1824×1026. அதைத் திரும்ப முழுத் திரைக்கு இழுப்பதால், நல்ல முழு எச்டி (1920×1080) தட்டில்கூட எழுத்து மங்கிவிடும். டாஸ்க்பார் மறைவது கண்ணுக்குத் தெரியும் குறை. இந்த மங்கல் தெரியாமல் நடக்கும் குறை, இதுதான் பெரியது. றிமோற்றில் படத்தின் அளவை மாற்றும் இடத்தில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், டொட் பை டொட் என்று ஏதாவது ஒரு பெயரில் வெட்டாத முறை இருக்கும். அதைப் போடுங்கள். கணினிப் பக்கத்தில் படத்தைச் சுருக்கி ஓரத்தைப் பொருத்துகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கணினி ஒருமுறை சுருக்கும், ரிவி ஒருமுறை நீட்டும். எழுத்துக்கு இரண்டு அடி.

மூன்றாவது நிறம். மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. ஒளிபரப்பு முழுவதும் இந்தப் பலவீனத்தின் மேல்தான் நிற்கிறது. 1960களில் ஜெர்மனியில் பொறியியலாளர் வால்டர் புருக் உருவாக்கிய பிஏஎல் என்ற நிற ஒளிபரப்பு முறையைத்தான் இலங்கையும் எடுத்தது. அதில் வெளிச்சத்துக்குக் கிடைத்த அலைவரிசை அகலம் 5 மெகாஹேர்ட்ஸ், நிறத்துக்கு ஏறக்குறைய 1.3 மட்டும். இன்றைய டிஜிட்டல் வீடியோவும் அதே சிக்கனத்தைப் பார்க்கிறது. நான்கு பிக்சலுக்கு நான்கு வெளிச்ச மதிப்பு, ஆனால் ஒரே நிறம். பல ரிவிகளின் சிப் கணினிப் படத்தையும் இப்படி நிறத்தைக் குறைத்துவிட்டுத்தான் தட்டுக்கு அனுப்பும். வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு ஒன்றும் ஆகாது, அது வெளிச்ச வேறுபாடு. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை எழுதினால் குட்டு வெளிப்படும். பிஏஎல் காலத்து வெளிச்சக் கணக்கில் சிவப்பின் பங்கு 0.299, நீலத்தின் பங்கு 0.114, பச்சைதான் 0.587. சிவப்புக்கும் நீலத்துக்கும் வெளிச்சத்தில் பெரிய இடைவெளி இல்லாததால் எழுத்தின் உருவம் நிறத்திலேயே தங்கியிருக்கும், நிறம் கரைந்தால் எழுத்தும் கரையும். சில ரிவிகளில் எச்டிஎம்ஐ துளையின் பெயரை மெனுவில் பிசி என்று மாற்றினாலே சிப் இந்த வேலையை நிறுத்திவிடும். பெயர் மாற்றுவதில் என்ன இருக்கிறது என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஷார்ப்னஸ் என்ற அமைப்பு கூர்மையைக் கூட்டுவதில்லை, விளிம்பைச் சுற்றி வெள்ளை நிழல் போடுகிறது. நிழல் மறையும்வரை குறையுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் காரணம் வெளிச்சத்தை எண்ணாக எழுதும் கணக்கு வழக்கு: ஒளிபரப்பில் கறுப்பு 16, வெள்ளை 235, கணினியில் 0, 255. இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். மவுஸ் சற்றுப் பின்தங்கி வந்தால் கேம் மோட் போடுங்கள். செக்கனுக்கு 60 படம் ஓடும் திரையில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன். சிப் அழகாக்குவதற்காகச் சில படங்களைப் பிடித்துவைத்தாலே கை அதை உணரும்.

தூரத்தை மட்டும் எந்த மெனுவாலும் மாற்ற முடியாது. 24 அங்குல 768 வரித் தட்டில் ஒரு பிக்சல் 0.39 மில்லிமீற்றர். நல்ல கண்ணுக்கு அது 1.3 மீற்றர் தள்ளித்தான் மறையும். அதே அளவு முழு எச்டி தட்டில் பிக்சல் 0.28 மில்லிமீற்றர், ஒரு மீற்றருக்குள்ளேயே மறைந்துவிடும். 32 அங்குலத்தில் 768 என்றால் 1.8 மீற்றர் வேண்டும், மேசைக்கு அது ஒத்துவராது. ஆகவே படிப்புக்கும் சேர்த்து வாங்குகிறவர்கள் பெரிய திரையைத் தேடாமல் 24 அங்குல முழு எச்டியைத் தேடுவதே என் கணக்கில் சரி. பின்னால் எரியும் வெளிச்சமான பக்லைற்றையும் பாதிக்கு மேல் குறையுங்கள். வரவேற்பறைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்ப்பதற்கு வைத்த வெளிச்சம், இரண்டடி தூரத்தில் கண்ணை எரிக்கும்.

வாங்கும்போது பெட்டியில் 1080 என்ற எண் இருப்பதைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். 1080 படத்தை ஏற்கும் என்பது வேறு, தட்டில் 1080 வரி உண்டு என்பது வேறு. லப்டொப்பையும் கேபிளையும் கடைக்குக் கொண்டுபோங்கள். 1920×1080 அளவில் ஒரு வரி கறுப்பு, ஒரு வரி வெள்ளை என்று மாறி மாறி வரும் படம் ஒன்றை முன்கூட்டியே செய்து வைத்திருங்கள். வெட்டாத முறையைப் போட்டுவிட்டு அதை முழுத் திரையில் விடுங்கள். தட்டு உண்மையிலேயே 1080 ஆக இருந்தால் கிட்டப் போனால் கோடுகள், தள்ளி நின்றால் எங்கும் ஒரே சாம்பல். 768 தட்டாக இருந்தால் திரை முழுவதும் பட்டை பட்டையாக அலை எழும். அந்த அலையை எந்த செற்றிங்ஸாலும் அழிக்க முடியாது.