பெரிய இஞ்சின் போட்டால் எடை சரியாகிவிடுமா?

மலேசியாவின் சுபாங்கில் விமானப் பராமரிப்பு வேலை பார்ப்பதால், வீட்டில் சிறு விமானம் கட்டுகிறவர்கள் என்னைக் கூப்பிடுவதுண்டு. போன மாதம் ரவாங்கில் ஒன்றைப் பார்த்தேன். வேலைப்பாடு அருமை. மூன்று சக்கரங்களுக்கும் தராசு வைத்தோம். வரைபடப்படி காலி எடை 300 கிலோ, வந்தது 352. அதிகபட்ச எடையோ 500. ஆளுக்கு 75 கிலோ என்று இரண்டு பேர் ஏறினாலே 502. பெட்ரோல் எங்கே ஊற்றுவது?

அவர் அசரவில்லை. "பெரிய இஞ்சின்தானே போட்டிருக்கேன், தூக்கிடும்ண்ணே."

இதையே இன்னும் எத்தனை பேர் வாயால்தான் கேட்பேனோ! ஐயா, எடையைச் சுமப்பது இறக்கை. இஞ்சினைப் பெரிதாக்கினால் மேலேறும் வேகம் மீளும், அவ்வளவுதான். எடை 10 சதவீதம் கூடினால் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்க முடியாமல் கைவிடும் வேகம், ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் இஞ்சின் நின்றபின் அதுதான் கதி. அந்த வேகத்தில் தரையில் மோத நேர்ந்தால், அடங்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் அதிகம். 500 கிலோவுக்கு 3.8 ஜி (எடையைப்போல் 3.8 மடங்கு சுமை) என்று கணக்கிட்ட ஸ்பார், அதாவது இறக்கையின் முதுகெலும்பான உத்தரம், 550 கிலோவில் சுமார் 3.45 ஜிக்குத்தான் உத்தரவாதம். போதாததற்குப் பெரிய இஞ்சினே கூடுதல் எடை. அது கூடுதலாகக் குடிக்கும், அப்புறம் டாங்கியும் பெரிதாகும். அதிகபட்ச எடையைத் தாளில் 560 என்று மாற்றி எழுதிக்கொள்கிறவர்களும் உண்டு. எழுதினால் ஸ்பார் தடித்துவிடுமா?

நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 32 டிகிரியில், கடல்மட்ட ஓடுபாதையும் சுமார் 2,000 அடி உயரத்தில் இருப்பதுபோல்தான் நடந்துகொள்ளும்.

அந்த 52 கிலோ ஒரே நாளில் வரவில்லை. இஞ்சின், சோபா மாதிரி இருக்கை, மூன்று பூச்சு பெயிண்ட், அதற்குக் கீழே பட்டி, "எதுக்கும் இருக்கட்டும்" என்று போட்ட தடித்த தகடு. இழைத்துணியில் ஊற்றும் ரெசின் பிசின், அந்தத் துணியின் எடையைத் தாண்ட வேண்டியதில்லை. மிச்சத்தை வழித்தெடுங்கள், அதனால் பலம் குறையாது. வாலில் சேரும் ஒவ்வொரு கிலோவுக்கும், சமநிலைக்காக மூக்கில் அதைவிட அதிகமாக ஈயம் கேட்கும்.

ஒவ்வொரு பாகத்தையும் பொருத்துமுன் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். பெயிண்டுக்கு முன்னும் பின்னும் முழு விமானத்தை நிறுங்கள். அலெரான் (இறக்கையில் அசையும் மடல்), எலிவேட்டர் (வாலில் அசையும் மடல்) இவற்றுக்குப் பெயிண்ட் அடித்தால் அவற்றின் சமநிலையை மறுபடி பார்க்காமல் பறக்கவே கூடாது. எடை குறைக்கிறேன் என்று ஸ்பாரில் ஓட்டை போடும் வேலையும் வேண்டாம்.

ஏற்கெனவே கூடிவிட்டதா? தயவுசெய்து பக்கத்து இருக்கையைக் கழற்றுங்கள், மறுபடி நிறுத்து ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுங்கள், தனியாளாகப் பறங்கள்.