அரை மில்லி தண்ணீரும் அடைபட்ட சிறுநீரும்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 68 வயது. புராஸ்டேட் வீக்கம். தஞ்சாவூரில் ஆபரேஷன் என்றார்கள். சென்னையில் இருக்கும் தம்பியோ, கத்தியே வேண்டாம், நீராவி ஊசி போட்டால் போதும் என்கிறான். நம்பலாமா, ஏமாற்று வேலையா?"

நம்பலாம். எல்லோருக்கும் பொருந்தாது, அவ்வளவுதான்.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடுவோம். புராஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. இளவயதில் சுமார் 20 கிராம். வயது ஏற ஏற, ஆண் ஹார்மோனின் தூண்டுதலால் அதன் உட்பகுதி பெருக்கிறது. ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது தொடங்கியிருக்கும். புற்றுநோய் அல்ல. ஆனால் பெருத்த சதை குழாயை நெரிக்கிறது. இரவில் நான்கு முறை எழ வேண்டும், போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், முழுக்கப் போன நிம்மதியும் இருக்காது.

நம் பக்கத்தில் இதற்குப் பெயர் ‘சூடு’. நெருஞ்சில் கஷாயம், இளநீர், அப்புறம் ‘வயசானா அப்படித்தான்’ என்ற சமாதானம். நெருஞ்சிலோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் கஷாயத்தை நம்பி வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, ஒருநாள் நடுராத்திரியில் நீர் அடைத்துக்கொண்டு, வலியில் துடித்தபடி வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்குக் கார் பிடிப்பது உடம்புச் சூட்டால் வருகிற வினை அல்ல.

முதல் வைத்தியம் மாத்திரை. டாம்சுலோசின் தசையைத் தளர்த்தும், ஃபினாஸ்டெரைடு மாதக்கணக்கில் சுரப்பியைச் சுருக்கும். போதாவிட்டால் டி.யூ.ஆர்.பி. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி, மின்கம்பி வளையத்தால் சதையைச் சீவி எடுப்பது. இன்றும் மற்ற முறைகளை இதோடு ஒப்பிட்டுத்தான் எடை போடுகிறார்கள். ஒரு குறை: இதற்குப் பிறகு பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடும். ‘இந்த வயசில் அது எதற்கு?’ என்று கேட்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளி.

சரி, நீராவிக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

கொதிக்கும் தண்ணீர் ஒரு கிராம், உடம்பின் 37 டிகிரிக்கு ஆறினால் 63 கலோரி வெப்பத்தைக் கொடுக்கும். அதே ஒரு கிராம் ஆவியாக வந்தால், தண்ணீராக மாறும் அந்த நொடியிலேயே 540 கலோரியைக் கொட்டிவிடும். வெப்பநிலை ஒரு டிகிரிகூட இறங்கியிருக்காது! பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம்தான். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் கண்டறிந்தது.

ரெசூம் என்ற கருவி இதைத்தான் பயன்படுத்துகிறது. அரை மில்லிக்கும் குறைவான தண்ணீரைக் கைப்பிடிக்குள்ளேயே 103 டிகிரி ஆவியாக்கி, சிறுநீர்ப் பாதை வழியே போகும் மெல்லிய ஊசியால் பெருத்த சதைக்குள் 9 நொடி செலுத்துகிறார்கள். ஊசியில் 12 நுண்துளைகள். ஒவ்வொரு குத்துக்கும் சுமார் 200 கலோரி சதையில் இறங்கும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அடுத்த குத்து.

இதற்கு முன்பும் மைக்ரோவேவ், ரேடியோ அலை ஊசி என்று வெப்பத்தால் முயன்றார்கள். ரேடியோ அலை ஊசியில், சூடு சதை வழியாகக் கடந்து போக வேண்டும். பக்கத்தில் இருப்பது கருகும், தள்ளி இருப்பது வெதுவெதுப்பாகவே நிற்கும். ஆவி அப்படி இல்லை. செல்களுக்கு இடையே இருக்கும் சந்துகளில் அதுவே நடந்து போகிறது. குளிர்ந்த செல்லைத் தொட்டதும் தண்ணீராகி, கைவசம் இருந்த வெப்பத்தை அங்கேயே இறக்குகிறது. தண்ணீரானதும் அதன் பருமன் ஏறத்தாழ 1,700-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால், பின்னால் வரும் ஆவிக்கு வழி கிடைக்கிறது. ரைஸ்மில்லில் நெல் அவிப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: தொட்டியை வெளியிலிருந்து காய்ச்சினால் ஓர நெல் கருகும், ஆவியை உள்ளே விட்டால் நடுவில் கிடக்கும் மணியும் அதே பதத்தில் வேகும். புராஸ்டேட்டுக்குள் அந்தப் பதம் சுமார் 70 டிகிரி. செல்கள் அங்கேயே சாகின்றன.

ஆவி வெளியே கசிந்து வேறெதையும் வேகவைக்காதா? பெருக்கும் உட்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் நடுவே நார்த்தன்மையுள்ள எல்லை ஒன்று இருக்கிறது. சந்துகள் அங்கே முடிந்துபோவதால் ஆவியும் நின்றுவிடுகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இதைச் சரிபார்த்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம். ஈர நெல்லை என்ன செய்வது என்ற டெல்டாவின் பிரச்சினைக்காக 1967-ல் திருவாரூரில் கூட்டுறவு அரிசி ஆலை வளாகத்தில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம், இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. பொதுப்பணம் நெல்லுக்குச் செய்ததை, கிழவர்களின் சிறுநீருக்கும் செய்யலாம். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் அந்தக் கைப்பிடியின் விலைதான் செலவை ஏற்றுகிறது. அதில் ஆவியை உண்டாக்குவது ஒரு கம்பிச்சுருளும் கொஞ்சம் தண்ணீரும்தான். திருச்சியிலும் தஞ்சையிலும் இருக்கும் பொறியியல் மாணவர்களுக்கு இது எட்டாத வேலையா?

இனி நடைமுறை. செத்த சதையை உடம்பு மெதுவாகத்தான் உறிஞ்சும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். முதல் வாரங்களில் வீக்கத்தால் எரிச்சலும் அவசரமும் கூடும். சில நாள் சிறுநீர் டியூபோடு இருக்க வேண்டும். அமெரிக்காவில் 197 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வில், ஆவி சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குள் மீண்டும் ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் 4.4 சதவீதம். இது பெரும்பாலும் 30 முதல் 80 கிராம் வரையுள்ள சுரப்பிகளுக்குத்தான். அதற்கு மேல் என்றால் ஹோல்மியம் லேசரால் குடைந்தெடுப்பது மேல்.

ஆகவே அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் புராஸ்டேட் எத்தனை கிராம் என்று முதலில் பாருங்கள். புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகம் உண்டா என்று பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையையும் விடாதீர்கள். டி.யூ.ஆர்.பி.யில் சீவிய சதை பரிசோதனைக் கூடத்துக்குப் போகும், ஒளிந்திருக்கும் புற்றுநோய் இருந்தால் அங்கே தெரியவரும். ஆவி முறையில் அனுப்புவதற்குச் சதையே கிடைக்காது. அந்தச் சந்தேகத்தை ஊசி போடுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.