கிமோனோ கையின் கமக்கட்டில் வைப்பது ஒட்டுத் துணி அல்ல

நல்லூர்க் கொடியேற்றம் முடிந்ததும் எங்களிடம் திருத்த வேலைக்கு வரும் சட்டைகளில், கமக்கட்டில் கிழிந்த கிமோனோ கைச் சட்டைகள் இந்த ஆண்டும் தவறவில்லை. சுவாமி வெளிவீதி வரும்போது “அரோகரா” என்று இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கூப்பிய கணத்தில் கிழிந்தவை அவற்றில் பல. கடைசியாக வந்த கிறேப் சட்டையில் தையல் ஒரு கண்கூட விடவில்லை. அதை ஒட்டிய துணிதான் இழை இழையாகப் பிரிந்திருந்தது. தைத்தவர் கெட்டியான நூலால் இரட்டைத் தையல் போட்டிருந்ததால், விட்டுக்கொடுக்க வேண்டிய தையல் அசையாமல் நிற்க, துணி கிழிந்துவிட்டது. கொண்டு வந்தவரோ துணிக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

உடலையும் கையையும் ஒரே துண்டாக வெட்டும் இந்த அமைப்பில் கைக்குழி இல்லை. ஆகவே இது இலகுவான தையல் என்று பலரும் நம்புகிறார்கள். துணியை நான்காக மடித்துக் கத்தரிக்கோலால் இரண்டு வெட்டு வெட்டிச் சட்டையாக்கிக் காட்டும் காணொளிகளும் அந்த நம்பிக்கையை வளர்க்கின்றன. ஒன்றைச் செய்து பாருங்கள். அளவு நாடாவை இடுப்பின் பக்கவாட்டில் தொடங்கி, கமக்கட்டு வழியாக முழங்கை வரை உடலோடு ஒட்டிப் பிடியுங்கள். பின்னர் கையைத் தலைக்கு மேல் உயர்த்துங்கள். நாடா சில அங்குலம் போதாமற் போகும். தனியாக இணைத்த கையில் அந்த அங்குலங்களைக் கைக்குழியின் வளைவும் கையின் தலைப்பகுதியும் பகிர்ந்து தருகின்றன. கிமோனோ கையில் அதைத் தருவதற்கு எதுவும் இல்லை.

தருவதற்காக நாங்கள் வைப்பதுதான் கமக்கட்டில் வரும் சாய்சதுரத் துண்டு. அதைச் சொன்ன உடனேயே, “ஐயோ அன்ரி, கமக்கட்டுக்க ஒட்டுப் போடாதேங்கோ, பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?” என்ற பதில் வந்துவிடுகிறது. பார்க்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. கை தொங்கும்போது துண்டு உள்ளே மடிந்து மறைந்துவிடும். உயர்த்தும்போது மட்டுமே விரியும். ஒட்டு என்பது கிழிந்த பிறகு போடுவது, இது கிழியாமல் இருக்க வெட்டும்போதே திட்டமிடுவது. வட இந்தியக் குர்தாவின் கமக்கட்டில் சதுரத் துண்டு வைத்துத் தைப்பது நெடுங்கால வழக்கம். அதைப் பணம் கொடுத்து வாங்கி அணிகிறவர்கள் எவரும் வெட்கப்பட்டதாக நான் அறியவில்லை.

“ஜப்பானியர் துண்டு வைக்கிறார்களா?” என்று கேட்பவர்களும் உண்டு. ஜப்பானியருக்குத் தேவையில்லை, ஏனென்றால் அவர்களுடைய உடையின் கட்டமைப்பே வேறு. ஏறத்தாழ 36 முதல் 38 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒடுங்கிய துணியிலிருந்து கை தனி நீள்சதுரமாக வெட்டப்பட்டு உடலோடு இணைக்கப்படுகிறது. பெண்களின் கிமோனோவில் கையின் மேற்பகுதி மட்டுமே உடலோடு தைக்கப்பட, மீதி தொங்குகிறது. உடலின் பக்கத்திலும் கமக்கட்டின் கீழ் மியாட்சுகுச்சி என்னும் திறப்பு விடப்படுகிறது. அங்கே இழுபடுவதற்குத் தையலே இல்லை. உடலோடு ஒட்டிய சட்டையைக் கமக்கட்டு மூடித் தைக்கும் நாம் அந்தச் சுகத்தை எதிர்பார்க்க முடியாது.

இதைவிட எரிச்சலூட்டும் யோசனை ஒன்றும் இருக்கிறது: “கமக்கட்டைக் கீழே இறக்கி வெட்டினால் லூசாக இருக்கும்தானே?” கை தொங்கும்வரை லூசாகத்தான் இருக்கும். ஆனால் கமக்கட்டுப் புள்ளி இறங்க இறங்க, இடுப்பிலிருந்து அதன் வழியாகக் கைநுனி வரை செல்லும் தையலின் நீளம் குறைகிறது. உயர்த்திய கைக்கு நீளம் தேவைப்படும் இடத்தில் நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு லூஸ் என்று பெயர் வைக்கிறோம். அதனால் கையைத் தூக்கியதும் முழுச் சட்டையும் இடுப்பை விட்டு மேலேறுகிறது.

தைக்கும் தங்கைமாருக்குச் சில வார்த்தைகள். கை உடலிலிருந்து எவ்வளவு கிடையாக நீள்கிறதோ அவ்வளவு தூக்க வசதியும், தொங்கும்போது அவ்வளவு மடிப்பும் இருக்கும். அதைச் சரித்தால் அழகு கூடும், அசைவு குறையும், அப்போது துண்டு கட்டாயமாகிவிடும். கமக்கட்டு மூலையிலிருந்து கழுத்தோரத் தோள்முனையை நோக்கிக் கோடு வரைந்து, அதில் மூன்றரை அங்குலம் குறியுங்கள். துண்டின் நான்கு பக்கமும் அந்தக் குறியின் நீளத்துக்குச் சமமாக, தையல் விளிம்பு தனியாக, துணியின் மூலைவாட்டில் வெட்டப்பட வேண்டும். கோட்டை வெட்டுமுன் அதன் முனையில் மெல்லிய துணிச் சதுரம் ஒன்றை நல்ல பக்கத்தில் வைத்து, கூர்வடிவில் சிறு தையல் போட்டு, அதன்பின் முனைவரை வெட்டி உள்ளே திருப்பி அழுத்துங்கள். அந்தப் பலப்படுத்தலைத் தவிர்த்தால் முதல் சலவையிலேயே முனை அவிழும். நான்கு பக்கத்தையும் ஒரே ஓட்டமாகத் தைக்க முயலாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் முனையில் நிறுத்தி நூலை முடியுங்கள். துண்டு வைக்காத அகன்ற கை என்றால், வளைவில் மெல்லிய பயஸ் பட்டியை (மூலைவாட்டில் வெட்டிய பட்டியை)ச் சேர்த்துச் சிறு தையல் போட்டு, பட்டியை வெட்டாமல் விளிம்பில் மட்டும் வெட்டுக் கொடுங்கள்.

தோள் தையல் இல்லாமல் மடிப்பில் வெட்டினால் தோளின் சரிவு போய்விடும், கழுத்தடியில் சுருக்கம் விழும், துணியில் மயில் உருவம் இருந்தால், முன்பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் மயில் முதுகில் தலைகீழாகத் தொங்கும். யாழ்ப்பாணம் பெரியகடையில் நல்ல விலைக்கு எடுத்த துணியில் இப்படி மயில் தொங்குவதைப் பார்க்க எனக்கே மனம் பொறுப்பதில்லை. விறைப்பான பட்டும் ஓர்கன்சாவும் இந்தக் கைக்கு ஒத்துவரா. றேயான், கிறேப், மென்பருத்தி நல்லவை.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கத் துணியைக் கொண்டு வராதீர்கள். 44 அங்குல அகலத் துணியில் மடித்து வெட்டினால் நடுவிலிருந்து 22 அங்குலம்தான் கிடைக்கும், தோள் போக முழங்கையளவு கைக்கே அது போதும். முழுக்கை வேண்டுமென்றால் இணைப்பு வரும் என்பதை முன்னரே ஏற்றுக்கொள்ளுங்கள். சாய்சதுரத் துண்டுக்கும் அதே சுருளிலிருந்து கால் யார் கூட எடுத்து வாருங்கள். பொருத்திப் பார்க்கும் நாளில் கைகளை உயர்த்தச் சொன்னால், தயவுசெய்து வெட்கப்படாமல் கோயிலில் தூக்கும் அளவுக்கே உயர்த்துங்கள்.