பராமரிப்பாளர்: லிஃப்டுக்கா, அம்மாவுக்கா?

பெங்களூரில் முதியோர் மனநலம் பற்றித் தமிழில் எந்தத் துண்டறிக்கையைக் கையில் கொடுத்தாலும் அதில் ஒரு 'பராமரிப்பாளர்' உட்கார்ந்திருக்கிறார். ஞாபகம் தப்பிய மாமியாரைக் குளிப்பாட்டி, இட்லியைப் பிட்டு ஊட்டி, ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடாமல் காவல் இருக்கும் மருமகளுக்குத்தான் இந்தப் பட்டம். கேர்கிவர் என்பதற்குத் தமிழாம். எனக்கு ஒப்பவில்லை.

மூலத்தை முதலில் முடித்துவிடுவோம். கேர் என்றால் பழைய ஆங்கிலத்தில் துயரம், கவலை. கவனிப்பு என்ற பொருள் பிறகு வந்தது. கேர்கிவர் என்ற கூட்டுச்சொல் அவர்களுக்கே 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பிரிட்டனில் கேரர் என்பார்கள். மருத்துவ உளவியலில் இந்த ஆள் முக்கியமானவர். முதியவரைச் சோதித்தால் மட்டும் போதாது, கூட இருப்பவர் எப்படித் தாங்குகிறார் என்றும் அளந்தாக வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஸாரிட்டும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் கொண்டுவந்த வினாத்தாள் அதற்குத்தான். இன்று பரவலாக இருப்பது அதன் 22 கேள்வி வடிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. எண் ஏற ஏறச் சுமை அதிகம். உங்களுக்கென்று நேரம் மிஞ்சாமல் போகிறதா, உடம்பு கெட்டுப்போகிறதா, நண்பர்களை வீட்டுக்கு அழைக்கச் சங்கடமாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்கும்.

சரி, பராமரிப்பாளருக்கு வருவோம். பராமரி வடமொழி வழி வந்த சொல். அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. தினமும் பாதிக் கன்னடம் பேசும் நான் தூய்மை பற்றிப் பேசினால் வீட்டிலேயே சிரிப்பார்கள். என் புகார், அந்தச் சொல் ஏற்கெனவே எங்கெல்லாம் வேலை பார்க்கிறது என்பதில். அடுக்குமாடியில் மாதாமாதம் கட்டுவது பராமரிப்புக் கட்டணம். லிஃப்டில் 'பராமரிப்புப் பணி' என்று அட்டை தொங்கும். அல்சூர் ஏரிக்கும் பராமரிப்புதான், போர்வெல் மோட்டாருக்கும் பராமரிப்புதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் என்கிறோம். அங்கே பராமரிப்பு என்றால் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவத்துக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டிய ஏற்பாடு. தீர்ப்பாயத்துக்குப் போனால் அது மாதத் தொகையாகிவிடும், உச்சவரம்பு 10,000 ரூபாய். ஆங்கிலத்தில் மெயின்டெனன்ஸ் வேறு, கேர் வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் கொட்டியது நம் மொழிபெயர்ப்பாளர்கள். இப்போது எண்பது வயதுக்காரரிடம் போய் 'உங்கள் பராமரிப்பாளர் யார்?' என்று கேளுங்கள். 'மூத்தவன் மும்பையில இருந்து பணம் அனுப்புறான்' என்பார். மாத்திரை டப்பாவோடு பக்கத்தில் நிற்கும் சின்ன மருமகள் கணக்கிலேயே வரமாட்டாள். வினாத்தாள் மூத்தவனுக்குப் போகும். அவன் 88க்கு 6 வாங்கி, குடும்பம் சுகமாக இருக்கிறது என்று ஆய்வு முடிந்துவிடும்!

கேர்கிவர் பர்டன் என்பதற்கு வைத்திருக்கும் 'பராமரிப்பாளர் சுமை' என்ற தொடர் இன்னும் மோசம். சுமப்பவர் யார், சுமையாக இருப்பவர் யார்? படிக்கிற முதியவர், தன்னைத்தான் சுமை என்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு, ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்கூடப் பார்க்காதவர்கள் செய்யும் வேலை இது. இப்போது கணினியே மொழிபெயர்ப்பதால் அந்த அகராதியையும் யாரும் திறப்பதில்லை.

பக்கத்துக் கன்னடக்காரர்கள் ஆரைகெ என்கிறார்கள். நம் 'ஆராய்'க்கு உறவுச்சொல். தேடுதல், கவனித்தல், பேணுதல் எல்லாம் அங்கே ஒரே வேரில் கிடக்கின்றன. நாம் அந்த வேரிலிருந்து ஆராய்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு கவனிப்பை அவர்களிடமே விட்டுவிட்டோம்.

அதனால் நஷ்டமில்லை, நம்மிடம் 'பேணு' இருக்கிறது. 'தந்தை தாய்ப் பேண்' என்று ஔவையார் ஆத்திசூடியில் சொன்னது மாதத் தொகையை மட்டும் என்று யாரும் பொருள் கொள்ளமாட்டார்கள். ஓட்டுநர், பெறுநர் போலப் பேணுநர். (தயவுசெய்து 'பேணுனர்' வேண்டாம், ஓட்டுநரை ஓட்டுனராக்கியது போதும்.) காப்பாளர் என்று சிலர் எழுதுகிறார்கள், அது விடுதிக்காரர் பெயர். செவிலியை நர்ஸுக்குக் கொடுத்தாயிற்று. சம்பளத்துக்கு வருபவரை இந்த ஊரில் ஹோம் நர்ஸ் என்கிறார்கள். பலர் நர்ஸிங் படித்தவர்கள் இல்லை. அவருக்கும் பேணுநர் பொருந்தும், முன்னால் 'ஊதிய' என்று சேர்த்தால் தீர்ந்தது.

ஆனால் பேணுநரும் தலைப்புக்கும் கட்டுரைக்கும்தான். நோயாளியின் வீட்டாரிடம் பேசும்போது பெயர்ச்சொல்லே வேண்டாம். 'அம்மாவை யாரு பாத்துக்கிறீங்க?' என்று கேளுங்கள், சரியான ஆள் முன்னால் வருவார்.