பீட்டுக்குத் தமிழ் என்ன?

நாற்றுப்பண்ணையில் 'கோகோ பீட்' என்று ஒரு கட்டியை விற்கிறார்கள். வனத்துறையில் 'பீட்' என்றால் காவலர் சுற்றிவரும் எல்லை. காய்கறிக் கடையில் அது பீட்ரூட்டின் முன்பாதி. இவற்றோடு சேர்த்து, உலக மண்ணில் உள்ள கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அடக்கி வைத்திருக்கும் ஒரு பொருளையும் தமிழில் 'பீட்' என்றே எழுதுகிறோம். அது கிடக்கும் பரப்பு உலக நிலத்தில் 3 விழுக்காடுதான். ஆனால் உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அத்தனையிலும் உள்ளதைவிட அதிகக் கரிமம் அதில் இருக்கிறது.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். கோகோ பீட், பீட் அல்ல. தேங்காய் மட்டையில் நாரை உரித்தபின் உதிரும் தூள் அது. வேளாண்துறையினர் 'தென்னை நார்க்கழிவு' என்பார்கள். மேலைநாட்டுத் தோட்டங்களில் உண்மையான பீட்டுக்கு மாற்றாகப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நார்க்கழிவு காய்ந்தாலும் தண்ணீர் ஊற்றினால் ஊறிவிடும். நன்றாகக் காய்ந்த பீட்டில் ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

உண்மையான பீட் என்பது தண்ணீர் தேங்கிய இடத்தில் செத்த பாசியும் புல்லும் வேரும் மரமும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்தது. தேங்கிய நீருக்குள் ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாமல் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யா. ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் அளவில் படிந்தாலே நல்ல வளர்ச்சி. ஆகவே 3 மீட்டர் ஆழம் என்றால் சில ஆயிரம் ஆண்டுகளின் சேமிப்பு.

ஆங்கிலச் சொல் இடைக்கால ஸ்காட்லாந்தின் லத்தீன் ஆவணங்களில் 'பேட்டா' என்று தலைகாட்டுகிறது. 'துண்டு' என்ற பொருளுள்ள கெல்டிக் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர் கருத்து. அதாவது, மண்வெட்டியால் செங்கல் போல வெட்டி, காயவைத்து, அடுப்பில் போடும் வில்லைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். நிலத்துக்கு அது பிறகே போயிற்று. ஜெர்மானியர் 'டோர்ஃப்' என்கிறார்கள். ஆங்கிலத்தின் 'டர்ஃப்' அதன் உடன்பிறப்பு. இந்தக் குடும்பத்தின் வேரும் சமஸ்கிருத 'தர்ப' என்பதன் வேரும் ஒன்றே. அந்த 'தர்ப'தான் நம் தர்ப்பை. பெர்லினில் தொட்டிமண் மூட்டையில் அச்சிட்ட பெயரும் அமாவாசைத் தர்ப்பணத்துக்கு விரலில் மாட்டும் புல்லின் பெயரும் தூரத்து உறவு! இந்தோனேசியர் சொல் 'கம்புட்'. தெற்குக் கலிமந்தானில் அதே பெயரில் ஓர் ஊரும் உண்டு.

தமிழில் 'முற்றா நிலக்கரி' என்று ஒரு சொல் ஏற்கெனவே வழங்குகிறது. நிலவியல்படி தவறில்லை. பீட்டின் மேல் வண்டல் மூடி, அழுத்தமும் வெப்பமும் ஏறி, பல லட்சம் ஆண்டுகள் போனால் பழுப்பு நிலக்கரி ஆகும். நெய்வேலியில் வெட்டுவதும் ஒரு காலத்தில் இப்படிக் கிடந்ததுதான். ஆனால் அந்தச் சொல் சுரங்கக்காரரின் கண்ணில் பிறந்தது. 'முற்றா' என்றவுடன், இது இன்னும் ஆகவேண்டிய ஒன்று, அரைகுறை எரிபொருள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தண்ணீர் என்ற செய்தியே அதில் இல்லை. தண்ணீரை எடுத்துவிட்டால் பீட் முற்றாது, காற்றோடு போய்விடும். இங்கேதான் சொல் நம்மை ஏமாற்றுகிறது.

எவ்வளவு மக்கியிருக்கிறது என்பதைக் கையாலேயே பார்க்கலாம். சுவீடன் நிலவியலாளர் லென்னார்ட் ஃபான் போஸ்ட் வகுத்த 10 படி அளவுகோல் இன்றும் களத்தில் புழங்குகிறது. ஈரமான பீட்டை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிய வேண்டும். ஏறக்குறையத் தெளிந்த நீர் வந்து, கையில் பாசி இலை இலையாகத் தெரிந்தால் முதல் படி. மூன்றில் ஒரு பங்கு கூழாக விரலிடுக்கில் பிதுங்கினால் 6. மூன்றில் இரண்டு பங்கு என்றால் 8. கையில் எதுவுமே நிற்காமல் எல்லாம் வழிந்தால் 10. நல்ல சதுப்பில் மேலே படி குறைவாகவும் ஆழத்தில் கூடுதலாகவும் இருக்கும். மேற்பரப்பிலேயே 7, 8 வந்தால் நிலம் நீண்டகாலம் வடிந்து கிடந்திருக்கிறது என்று பொருள்.

வெப்பமும் வறட்சியும் என்ன செய்கின்றன? 1978இல் இங்ராம் என்ற ஆய்வாளர் சதுப்பை இரண்டு அடுக்காகப் பிரித்துப் பெயரிட்டார்: நீர்மட்டம் ஏறி இறங்கும் மேலடுக்கு, எப்போதும் நீரில் மூழ்கிய கீழடுக்கு. சேமிப்பெல்லாம் கீழடுக்கில்தான். கோடை நீண்டு நீர்மட்டம் இறங்கினால் கீழடுக்கின் தலை காற்றைத் தொடுகிறது. அங்கே ஒரு தாழ்ப்பாள் திறக்கிறது. பீட்டில் ஃபீனால் சேர்மங்கள் நிறைந்திருப்பதால் மக்கவைக்கும் நொதிகள் முடங்கிக் கிடக்கின்றன. அந்த ஃபீனாலைச் சிதைக்கக்கூடிய நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். காற்று போனதும் அது விழிக்கிறது, ஃபீனால் குறைகிறது, மற்ற நொதிகளும் வேலையைத் தொடங்குகின்றன. இதை ஃப்ரீமன் என்ற ஆய்வாளரின் குழு 2001இல் விளக்கியது. மழை வந்து நீர் நிறைந்தபிறகும் இந்த இழப்பு உடனே நிற்பதில்லை.

வடக்குச் சதுப்புகளைக் கட்டுவது ஸ்பாக்னம் என்ற பாசி. அதன் இலையில் பாதிக்குமேல் உயிரற்ற வெற்றறைகள். தன் உலர் எடையைப்போல் 15, 20 மடங்கு நீரை அவை பிடித்து வைக்கும். அதற்கு வேர் கிடையாது. நீர்மட்டம் இறங்கினால் தேடிப் போய் உறிஞ்ச முடியாது. வெளுத்து மொறுமொறுவென்று ஆகிவிடும். புதர்களுக்கு வேர் உண்டு.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடக்கும் 'ஸ்புரூஸ்' ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டியது. ஒரு சதுப்பின் மேல் ஏறத்தாழ 12 மீட்டர் விட்டமுள்ள, கூரையற்ற, ஒளி புகும் சுவருள்ள 10 கூண்டுகள். காற்றையும் அடி மண்ணையும் சேர்த்து 0 முதல் 9 டிகிரி வரை படிப்படியாகச் சூடேற்றினார்கள். பாதிக் கூண்டுகளில் கார்பன் டை ஆக்சைடையும் கூட்டினார்கள். இரண்டாம் ஆண்டில் மிதமான சூட்டில் ஸ்பாக்னம் இன்னும் நன்றாகவே வளர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் தப்பான முடிவுக்கு வந்திருப்பார்கள். தரையை ஏறக்குறைய முழுதும் மூடியிருந்த பாசி, மிகச் சூடான கூண்டுகளில் பாதிக்கும் கீழே போயிற்று. புதர்களின் மெல்லிய வேர் வளர்ச்சியோ மிகச் சூடான கூண்டில் 10 மடங்குக்கு மேல் ஏறியது. கார்பன் டை ஆக்சைடு கூடினால் செடிக்கு உரம் என்பார்கள்; அந்தக் கூண்டுகளில் பாசி இன்னும் குறைந்தது, ஓங்கிய புதர்களின் நிழல் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. கூண்டுக்குள் பச்சை இருக்கிறது, ஆனால் சேமிக்கும் பச்சை போய்விட்டது. முதல் மூன்று ஆண்டுக் கணக்கில், சூடேற்றிய கூண்டுகள் கரிமத்தை இழந்த வேகம், அந்தச் சதுப்பு பழங்காலத்தில் சேர்த்த வேகத்தைப்போல் 4.5 முதல் 18 மடங்கு.

ஒரு மனக்கணக்கு. ஒரு ஹெக்டேரில் 1 சென்டிமீட்டர் பீட் என்பது 100 கன மீட்டர். கன மீட்டருக்கு உலர் எடை 100 கிலோ என்றால் 10 டன். அதில் பாதி கரிமம், 5 டன். காற்றோடு கலந்தால் சுமார் 18 டன் கார்பன் டை ஆக்சைடு. நிலம் தாழ்வதெல்லாம் இப்படி எரிந்துபோனதல்ல, ஒரு பகுதி வெறும் அமுக்கம். இங்கிலாந்தின் ஹோம் என்ற இடத்தில், சதுப்பை வடித்தபோது, 1850களின் தொடக்கத்தில் உச்சி தரையோடு மட்டமாகும்படி புதைத்த இரும்புத் தூண் இன்று ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது. இரண்டு காரணமும் அதில் உண்டு.

வெப்பமண்டலத்தில் பாசி இல்லை, சதுப்பு மரக்காடு. வறட்சியோடு கால்வாயும் சேர்ந்தால் அங்கே தீ. கலிமந்தானில் 1990களின் நடுவில் 10 லட்சம் ஹெக்டேர் நெல் திட்டத்துக்காக 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டினார்கள். 1997 எல் நினோ வறட்சியில் நிலம் உள்ளுக்குள் கனன்றது. அந்த ஆண்டு இந்தோனேசியப் பீட்டிலிருந்தும் அதன்மேல் நின்ற செடிகொடியிலிருந்தும் 0.81 முதல் 2.57 பில்லியன் டன் கரிமம் போனதாக மதிப்பீடு. இப்போது அங்கே தோட்ட நிலங்களில் நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி.

கால்வாயை அடைத்து நீரை மீட்டால் முதலில் மீத்தேன் என்ற வெப்பமேற்றும் வாயு எழும். அதை மட்டும் காட்டி மீட்பே வேண்டாம் என்பவர்கள், வடிந்த நிலம் ஆண்டுதோறும் விடும் கார்பன் டை ஆக்சைடைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைவிடப் பெரிய தொல்லை முன்சொன்ன முத்து நீர்: ஒருமுறை முற்றிலும் காய்ந்த மேற்பரப்பு எளிதில் ஊறாது.

நம் பக்கத்திலும் இந்தப் பொருள் உண்டு. நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் எடுத்த பீட்டின் கரிம ஐசோடோப்புகளை (எடை சற்றே வேறுபட்ட கரிம அணுக்களை) கொண்டு, பருவமழை ஏறி இறங்கிய 20,000 ஆண்டுக் கதையை சூழலியலாளர் ஆர். சுகுமார் உள்ளிட்டோர் 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வறண்ட காலத்துப் புல்லும் ஈரக்காலத்துச் செடியும் வேறு வேறு ஐசோடோப்புத் தடத்தை விடுகின்றன.

இனி, சொல். 'அரைமக்கு' என்றால் பொருள் கச்சிதம். ஆனால் வகுப்பில் யாரைப் பார்த்துச் சொன்னாலும் சண்டை வரும். 'சதுப்புக்கரி' நல்லது: இடமும் பொருளும் அதில் இருக்கின்றன, தமிழில் 'கரி' எரிபொருளையும் கரிமத்தையும் சேர்த்தே குறிக்கும். நிலத்துக்குச் சொல்லைத் திருப்பிப் போட்டு 'கரிச்சதுப்பு' எனலாம். எல்லாச் சதுப்பும் கரிச்சதுப்பு அல்ல. பள்ளிக்கரணை சதுப்பு என்பதாலேயே இந்தப் பெயரை அதற்கு ஒட்டக்கூடாது. குறைந்தது 30 சென்டிமீட்டர் படிவு வேண்டும் என்பது பல நாடுகளின் வரம்பு, இந்தோனேசியாவில் 50. தோட்டக்கடைப் 'பீட் மாஸ்' சதுப்புப்பாசித் தூள். கோகோ பீட்டுக்குப் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை, நார்க்கழிவு என்ற பழைய பெயரே இருக்கிறது.