ஒரு பாக்கெட் சிகரெட்டும் சட்டமன்ற ஆய்வாளரின் கணக்கும்

கலிஃபோர்னியாவில் வசிக்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "தேர்தலுக்கு முன்னால் வீட்டுக்கு வரும் வாக்காளர் கையேட்டில், ஒவ்வொரு ப்ரொபொசிஷனுக்கும் (மக்கள் வாக்குக்கு விடப்படும் சட்ட முன்மொழிவு) சட்டமன்ற ஆய்வாளரின் பகுப்பாய்வு என்று ஒரு பகுதி இருக்கிறது. 'இந்தச் சட்டம் வந்தால் அரசுக்கு இவ்வளவு வரும், இவ்வளவு போகும்' என்று அதில் எண்களும் இருக்கின்றன. சட்டமன்றத்திடம் சம்பளம் வாங்குகிறவர் நடுநிலையாகத்தான் எழுதுகிறார் என்று எப்படி நம்புவது?"

நியாயமான கேள்வி. அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

முதலில் பின்னணி. மக்களே சட்டம் முன்மொழிந்து, மக்களே வாக்களித்து நிறைவேற்றும் உரிமை கலிஃபோர்னியாவில் 1911 முதல் இருக்கிறது. சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம், சுருக்கமாக எல்.ஏ.ஓ., 1941-இல் உருவானது. பட்ஜெட் பற்றி ஆளுநர் தரப்பு சொல்வதை மட்டும் நம்பிக்கொண்டிருக்காமல், சட்டமன்றத்துக்கென்று சொந்தமாகக் கணக்குப் பார்க்கும் ஆட்கள் வேண்டும் என்பதே நோக்கம். இரு அவைகளின், இரு கட்சிகளின் உறுப்பினர்களும் சேர்ந்த ஒரு கூட்டுக்குழுதான் இதை மேற்பார்க்கிறது. ஆலன் போஸ்ட் என்பவர் 1949 முதல் 1977 வரை இந்த அலுவலகத்தின் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் ஐந்து ஆளுநர்கள், இரண்டு கட்சிகளிலிருந்தும், வந்து போனார்கள். அவர் மட்டும் அதே நாற்காலியில் இருந்தார்.

கையேட்டைப் பொறுத்தவரை வேலைப் பிரிவினை தெளிவானது. மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் சட்டத்துக்குத் தலைப்பும் சுருக்கமும் எழுதுவது மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல். அவர் கட்சி சார்பில் தேர்தலில் ஜெயித்து வந்தவர். ஆதரவு வாதத்தையும் எதிர்ப்பு வாதத்தையும் அந்தந்தத் தரப்பே எழுதும். நடுவில் வரும் பகுப்பாய்வு மட்டும் எல்.ஏ.ஓ.வுடையது. அது சாதாரண வாக்காளருக்கு எளிதில் புரிய வேண்டும், தொழில்நுட்பச் சொற்களைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்று தேர்தல் சட்டமே சொல்கிறது. அப்புறம், அச்சுக்குப் போகும் முன் கையேடு முழுவதும் 20 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஏதாவது ஒரு வரி பொய்யானது அல்லது தவறான எண்ணம் தருவது என்று யாருக்காவது தோன்றினால் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

சரி, எண்ணுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2016-இன் ப்ரொபொசிஷன் 56. அப்போது கலிஃபோர்னியாவில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு மாநில வரி 87 சென்ட். அந்த 87 சென்ட்டுக்கே ஒரு வரலாறு உண்டு: பொது நிதிக்கு 10, மார்பகப் புற்றுநோய் நிதிக்கு 2, 1988-இல் மக்கள் வாக்களித்துச் சேர்த்தது 25, 1998-இல் குழந்தைகள் நலத்துக்காகச் சேர்த்தது 50. இதற்கு மேல் இன்னும் 2 டாலர் ஏற்றலாமா என்பதுதான் 2016-இல் கேட்கப்பட்ட கேள்வி.

விற்கும் பாக்கெட்டுகளின் எண்ணிக்கையை 2 டாலரால் பெருக்கினால் விடை வந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றும். அங்கேதான் கணக்கு பிசகும். வரி ஏறினால் விலை ஏறும். விலை ஏறினால் சிலர் விட்டுவிடுவார்கள், சிலர் குறைப்பார்கள், சிலர் பக்கத்து மாநிலத்தில் வாங்குவார்கள். பணக்கார நாடுகளில் சிகரெட் விலை 10 சதவீதம் ஏறினால் விற்பனை சுமார் 4 சதவீதம் குறைகிறது என்பது பொருளாதார ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த அளவு.

புரிவதற்காக நானே ஒரு எண்ணை எடுத்துக்கொள்கிறேன். 100 பாக்கெட் விற்ற இடத்தில் வரி ஏறிய பிறகு 80 விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். புது வரி 200 டாலர் தராது, 160 டாலர்தான் தரும். அதோடு முடியவில்லை. பழைய 87 சென்ட் வரியும் இப்போது 80 பாக்கெட்டுக்குத்தான் கிடைக்கும். 87 டாலர் வந்த இடத்தில் 69 டாலர் 60 சென்ட். அதாவது மார்பகப் புற்றுநோய் நிதி, குழந்தைகள் நிதி உட்படப் பழைய நிதிகள் எல்லாம் சேர்ந்து, தாங்கள் எந்தத் தப்பும் செய்யாமலே, 17 டாலர் 40 சென்ட் இழக்கின்றன. ப்ரொபொசிஷன் 56-ஐ எழுதியவர்கள் இதை யோசித்திருந்தார்கள்: புது வரிப் பணத்திலிருந்து முதலில் பழைய நிதிகளின் இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே சேர்த்திருந்தார்கள். ஆக நிகரமாகக் கூடுவது 142 டாலர் 60 சென்ட்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது, இதுதான் என்னை அசத்தியது. விற்பனை குறைவதை எதோடு ஒப்பிடுவது? போன வருடத்தோடு ஒப்பிடக் கூடாது. புகைபிடிப்பது எப்படியும் வருடா வருடம் குறைந்துகொண்டுதான் இருந்தது. அந்தச் சரிவைப் புது வரியின் கணக்கில் எழுதினால் தப்பு. எனவே சட்டம் வராவிட்டால் அடுத்த ஆண்டு எவ்வளவு விற்றிருக்கும் என்று முதலில் ஒரு கற்பனை ஆண்டைக் கட்ட வேண்டும். பிறகு சட்டம் வந்த ஆண்டை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். மருந்துச் சோதனையில் மருந்து தராத குழு ஒன்றை வைத்திருப்பார்களே, அதே தர்க்கம். ஆனால் இங்கே அந்தக் குழு உலகில் எங்குமே கிடையாது. பழைய தரவுகளை வைத்துக் காகிதத்தில்தான் அதை உருவாக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து எல்.ஏ.ஓ. வாக்காளருக்குச் சொன்ன விடை: 2017–18 நிதியாண்டில் நிகரமாக 100 கோடி முதல் 140 கோடி டாலர் வரை, பிந்தைய ஆண்டுகளில் இது குறையலாம். ஒற்றை எண் இல்லை, ஒரு வீச்சு. எவ்வளவு பேர் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதில் இருக்கும் ஐயம் அந்த வீச்சின் அகலத்தில் அப்படியே தெரிகிறது.

மருத்துவச் செலவு மிச்சமாகுமா என்ற கேள்வியில் அவர்கள் இன்னும் நேர்மையாக இருந்தார்கள். புகைபிடிப்பவர்கள் குறைந்தால் நோய் குறையும், அரசுக்குச் செலவு குறையும். ஆனால் விட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்வார்கள்; அந்த முதுமைக் காலத்துக்கும் அரசு மருத்துவச் செலவு உண்டு. இரண்டையும் கூட்டிக் கழித்தால் நீண்ட காலத்தில் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது என்றே எழுதினார்கள். சிகரெட் வரிக்கு ஆதரவான பிரசாரத்துக்கு இந்த வரி இனித்திருக்காது. வரியை ஆதரிக்கும் ஆள்தான் நானும். ஆனாலும் அந்தத் 'தெரியாது'வைப் படித்த பிறகுதான் பக்கத்திலிருந்த 100 கோடியை நம்பினேன். ப்ரொபொசிஷன் 56 சுமார் 64 சதவீத வாக்குகளோடு நிறைவேறியது.

இப்படி ஒரு அலுவலகத்தைச் சமூகம் பொத்திப் பாதுகாத்திருக்கும் என்று நினைப்போம். நடந்தது வேறு. 1990-இல் ப்ரொபொசிஷன் 140, சட்டமன்ற உறுப்பினர்களின் பதவிக்காலத்துக்கு வரம்பு விதித்த கையோடு சட்டமன்றத்தின் செலவையும் கடுமையாக வெட்டியது. அந்த வெட்டு எல்.ஏ.ஓ. மீதும் விழுந்தது; ஊழியர்கள் பெருமளவு குறைந்தார்கள். 1992-இல் இந்த அலுவலகத்தை அரசியலமைப்பிலேயே சேர்க்க ப்ரொபொசிஷன் 158 வந்தது, வாக்காளர்கள் நிராகரித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் இது பெரிய தவறு. அரசியல்வாதிகள் மீதுள்ள கோபத்தில் வெட்டியது, அரசியல்வாதிகளைச் சரிபார்க்கும் ஆட்களின் சம்பளத்தை. பல நூறு கோடி டாலர் முடிவுகளுக்கு முன்னால் இந்த அலுவலகத்தின் செலவு ஒன்றுமே இல்லை.

நல்ல வேளையாக அலுவலகம் பிழைத்தது. 2022-இல் சுவையூட்டிய புகையிலைப் பொருட்களின் விற்பனையைத் தடை செய்யும் சட்டம் ப்ரொபொசிஷன் 31 ஆக வாக்குக்கு வந்தபோது, இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். இந்த முறை இழப்பு: ஆண்டுக்குச் சில கோடி டாலரிலிருந்து சுமார் 10 கோடி டாலர் வரை. ஏன் இவ்வளவு அகலமான வீச்சு? புதினாச் சுவையுள்ள மென்தால் சிகரெட் பிடிப்பவர் சாதாரண சிகரெட்டுக்கு மாறினால் வரி ஏறக்குறைய அப்படியே வரும். அடியோடு விட்டுவிட்டால் முழுவதும் போகும். எத்தனை பேர் எந்த வழி போவார்கள் என்பது தடை வரும் முன்பு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.