ஹெட்லைட் ஏன் மஞ்சளாகிறது, தேய்த்தால் ஏன் தெளிகிறது?

பாளையங்கோட்டைப் பக்கம் பழைய கார்கள் வந்து நிற்கும் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் ஒரு முரண் கண்ணில் படும். முப்பது வயதைக் கடந்த அம்பாசடரின் வட்ட ஹெட்லைட், சுற்றியிருக்கும் வளையம் துருப்பிடித்துப் போனாலும், கழுவிவிட்டால் பளிச்சென்று இருக்கிறது. அதன் பக்கத்தில் நிற்கும் பத்துப் பன்னிரண்டு வயதுக் காரின் விளக்கோ மஞ்சள் பூத்து, உள்ளே இருக்கும் பல்பே தெரியாத அளவுக்கு மங்கிக் கிடக்கிறது. தாழ்ந்த முன்பகுதியும் பானெட்டோடு படுத்தாற்போல அமைந்த விளக்கும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த மங்கல் இன்னும் சீக்கிரமாகவே வந்துவிடுகிறது. விளக்கின் முகப்பு எந்தப் பொருளால் ஆனது, அது வானத்தை எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் காரணமும் விளங்கும், வீட்டு வாசலிலேயே அதைச் சரிசெய்யும் வழியும் விளங்கும்.

அம்பாசடரின் விளக்கு முகப்பு கண்ணாடி. இன்றைய கார்களில் அந்த இடத்தில் இருப்பது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே உருவாக்கிய பொருள் இது. கண்ணாடியின் எடையில் பாதிதான் இருக்கும், கல் தெறித்தால் எளிதில் உடையாது, வேண்டிய வளைவில் வார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1940 முதல், பல்பும் கண்ணாடி முகப்பும் ஒன்றாக மூடி ஒட்டப்பட்ட சீல்டு பீம் விளக்குகளைக் குறிப்பிட்ட அளவில்தான் பொருத்த வேண்டும் என்றிருந்த விதி 1983இல் தளர்ந்தது. 1984ஆம் ஆண்டு மாடலாக வந்த லிங்கன் மார்க் செவன் பிளாஸ்டிக் முகப்பு விளக்கோடு அங்கே சாலையில் இறங்கியது. ஸ்போர்ட்ஸ் கார்களோ முன்பகுதியைத் தாழ்த்துவதற்காக, பகலில் உள்ளே மடங்கியும் இரவில் மேலெழுந்தும் வேலை செய்யும் பாப்-அப் விளக்குகளை வெகுகாலம் வைத்திருந்தன. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில் இருந்தது அத்தகைய விளக்கு. 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில் நிலையான பிளாஸ்டிக் விளக்கு வந்துவிட்டது. ஷெவர்லே கார்வெட், லோட்டஸ் எஸ்பிரிட் ஆகிய இரண்டும் 2004இல் பாப்-அப் விளக்குக்கு விடைகொடுத்தன. பகல் முழுவதும் மூடிக் கிடந்த விளக்கு, அன்றிலிருந்து பகல் முழுவதும் வெயிலில் கிடக்கும் விளக்காயிற்று.

வெயில் அங்கே செய்யும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பாலிகார்பனேட்டின் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. அதில் பென்சீன் வளையங்களும் அவற்றைக் கோக்கும் கார்பனேட் பிணைப்புகளும் அடுத்தடுத்து வருகின்றன. வலிமை தரும் அந்த வளையங்களே புற ஊதாக் கதிரை உறிஞ்சவும் செய்கின்றன. 340 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளித்துகளின் ஆற்றல், இரண்டு கார்பன் அணுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் ஆற்றலுக்கு ஏறக்குறையச் சமம். ஆகவே, உறிஞ்சப்பட்ட கதிர் சங்கிலியை அங்கங்கே அறுக்கிறது. அறுந்த முனைகளோடு காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்கிறது. இன்னும் குறுகிய அலைநீளக் கதிர்கள் கார்பனேட் பிணைப்பையே இடம் மாற்றி அமைத்துவிடுகின்றன. இவ்வாறு பிறக்கும் புதிய சேர்மங்கள் நீல ஒளியை விழுங்குவதால், மிஞ்சி வெளிவரும் ஒளி மஞ்சளாகத் தெரிகிறது. சங்கிலிகள் குட்டையாகிப்போன மேற்பரப்பு நொறுங்கும் தன்மை பெற்று, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும்போது, மஞ்சளின் மேல் பால் படர்ந்ததுபோன்ற வெண்மையும் சேர்ந்துகொள்கிறது.

இத்தனை சேதமும் மேல்தோலோடு நின்றுவிடுகிறது என்பதுதான் இதில் நல்ல செய்தி. புற ஊதாக் கதிரைப் பாலிகார்பனேட் அவ்வளவு வலுவாக உறிஞ்சுவதால், சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள்ளேயே கதிரில் பெரும்பங்கு தீர்ந்துபோகிறது. சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள முகப்பில் மீதிப் பகுதி புதிதாகவே இருக்கிறது. இந்தச் சேதம் தொடங்காமல் இருக்கத்தான் தொழிற்சாலையிலேயே சிலிக்கோன் அல்லது அக்ரிலிக் வகையைச் சேர்ந்த மெல்லிய கடினப் பூச்சு ஒன்றை மேலே தருகிறார்கள். அதில் கலந்திருக்கும் உறிஞ்சிகள் புற ஊதாக் கதிரை வாங்கி வெறும் வெப்பமாக மாற்றிவிடும். ஆனால் அந்த உறிஞ்சிகளும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. பூச்சு தளர்ந்து செதில் செதிலாக உரியத் தொடங்கும் நாளில்தான் ஹெட்லைட் மங்குவதை நாம் முதன்முதலில் கவனிக்கிறோம்.

இனி கோணத்துக்கு வரலாம். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8.7 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அந்த மாதங்களுக்கு முன்னும் பின்னும்கூட அதிகம் சாய்வதில்லை. உச்சியிலிருந்து நேராக இறங்கும் கதிர், அம்பாசடரின் செங்குத்தான கண்ணாடியை உரசிக்கொண்டு போகுமே தவிர, அதன்மேல் விழாது. கிடைமட்டத்திலிருந்து 30 பாகை மட்டுமே எழும்பி நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார் விளக்கின்மேல் அதே கதிரில் 87 சதவீதம் விழுகிறது. வானம் முழுவதிலிருந்தும் சிதறி வரும் புற ஊதாக் கதிரிலிருந்து செங்குத்து விளக்கும் தப்ப முடியாது. இருந்தாலும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. மங்கிய விளக்கு ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது புலப்படும். பானெட்டை ஒட்டி மேல்நோக்கி வளையும் விளிம்பு கருமஞ்சளாகியிருக்கும். பம்பரை நோக்கி இறங்கும் கீழ்ப்பகுதி தெளிவாகவே இருக்கும். எப்போதும் ஒரே சுவரோரம் நிறுத்தப்படும் காரில், சுவர்ப்பக்க விளக்கு மற்றதைவிடப் பிந்தி மங்குவதும் இதனால்தான்.

நம் பக்கத்தில் வெயிலுக்குத் துணையாக இன்னொன்றும் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று, பணகுடி, இராதாபுரம் வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்காமல் மண்ணையும் வாரி வீசுகிறது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் பெரும்பாலும் இரும்புத்துரு பூசிய குவார்ட்ஸ். பாலிகார்பனேட்டைக் கீறுவதற்குக் குவார்ட்ஸுக்குச் சிரமமே இல்லை. நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகிற, தரையோடு தாழ்ந்த காருக்கு அந்த அடி கூடுதலாகவே விழுகிறது. பூச்சில் விழும் ஒவ்வொரு குழியும் கதிருக்குத் திறந்துவிட்ட வாசல்.

மங்கிய முகப்பு ஒளியைக் குறைப்பதோடு, குறையாத ஒளியையும் தவறான இடத்துக்கு அனுப்புகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அமெரிக்க வாகன ஓட்டிகளின் அமைப்பான ஏஏஏ 2018இல் வெளியிட்ட சோதனை முடிவின்படி, மிக மோசமாக மங்கிய விளக்கு லோ பீமில் புதிய விளக்கின் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் தந்தது. தேய்த்துச் சீராக்கியபின் அது 70 சதவீதம் அளவுக்கு மீண்டது. சாலைக்குப் போகாத ஒளியில் ஒரு பகுதி சிதறி மேலெழுந்து எதிரில் வருபவர் கண்ணைக் கூசவைக்கிறது. ஆகவே, மங்கிய விளக்குக்கு மருந்தாக அதிக வாட் பல்பு போடுவதைவிடத் தவறான யோசனை வேறில்லை. கூச்சம் கூடும், வெப்பத்தால் உள்ளே இருக்கும் பிரதிபலிப்பானின் பூச்சும் கெடும்.

தேய்க்கத் தொடங்குமுன் ஒரு எளிய சோதனை செய்துவிடுவது நல்லது. முகப்பில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்தவுடன் விளக்கு தெளிந்து, காய்ந்தவுடன் மறுபடி மங்கினால் சேதம் வெளிப்பரப்பில் மட்டுமே இருக்கிறது என்று பொருள். நனைந்த வெள்ளை வேட்டி ஊடுருவித் தெரிவதற்கும் இதற்கும் அறிவியல் ஒன்றே. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1, பாலிகார்பனேட்டுக்குச் சுமார் 1.58, இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருப்பதால் ஒவ்வொரு கீறலின் சரிவிலும் ஒளி திசைமாறிச் சிதறுகிறது. 1.33 எண் கொண்ட தண்ணீர் கீறலை நிரப்பியதும் அந்த இடைவெளி பாதியளவு குறைந்து, சிதறலும் அடங்குகிறது. தண்ணீர் ஊற்றியும் தெளியவில்லை என்றால், வெடிப்பு ஆழத்தில் இருக்கலாம், அல்லது மங்கல் உட்புறத்தில் இருக்கலாம். ஹாலஜன் பல்பும் சிறிது புற ஊதாக் கதிரை உமிழ்வதால், பிளாஸ்டிக் முகப்புக்கான பல்புகளை அதைத் தடுக்கும் குவார்ட்ஸில் செய்து ‘யு’ என்ற ஆங்கில எழுத்தைப் பொறிக்கிறார்கள். அது இல்லாத மலிவுப் பல்பு உள்ளிருந்தே முகப்பைக் கெடுக்கக்கூடும். உள்மங்கலுக்கு வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை, டூம் எனப்படும் முழு விளக்குக் கூட்டையே மாற்ற வேண்டியதுதான்.

தேய்ப்பதில் சூட்சுமம், பெரிய கீறலைச் சிறிய கீறலாகவும், அதை இன்னும் சிறியதாகவும் மாற்றிக்கொண்டே போவது. சுற்றியுள்ள பெயிண்டின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டிவிட்டு, நிழலில், தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கிடைக்கும். 400 எண் தாளில் துகளின் அளவு சுமார் 35 மைக்ரோமீட்டர், 1000இல் சுமார் 18, 2000இல் சுமார் 10. பூச்சு திட்டுத்திட்டாக உரிந்திருந்தால் 400 அல்லது 600இல் தொடங்கலாம். இலேசான மங்கலுக்கு 1000 போதும். முதலில் வழியும் தண்ணீர் மஞ்சள் கலந்த சேறாக இருக்கும். கெட்ட தோல் முழுவதும் போனபின் சுத்த வெள்ளையாக வரும். பட்டறையில் கைதேர்ந்த பெயிண்டர்கள், “வெள்ளைத் தண்ணி வந்துட்டுல்லா, இனிமே அந்தத் தாளை வச்சுத் தேய்க்கப்பிடாது அண்ணாச்சி” என்று பிடுங்கி வைத்துவிடுவார்கள்; அந்த வெள்ளை, நல்ல பாலிகார்பனேட் கரையத் தொடங்கியதற்கு அடையாளம். ஒரு தாளைப் படுக்கைவாட்டில் ஓட்டினால் அடுத்ததை நெடுக்குவாட்டில் ஓட்ட வேண்டும். முந்தைய கீறல் ஒன்றுகூட மிச்சமில்லை என்பதை அப்போதுதான் கண்ணால் உறுதிசெய்ய முடியும். 2000இல் முடித்த பிறகும் விளக்கு பனி படர்ந்தாற்போல் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர், கீறல் அந்த அளவுக்கும் கீழே போனால்தான் ஒளி அதைப் பொருட்படுத்தாமல் கடக்கும். ரப்பிங் காம்பவுண்டிலுள்ள நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு அந்தக் கடைசி வேலையைச் செய்கிறது. மெஷினில் பஃபிங் போடுபவர் ஒரே இடத்தில் நிறுத்தி அழுத்தக் கூடாது. சுமார் 147 பாகை செல்சியஸில் பாலிகார்பனேட் இளகத் தொடங்கிவிடும்.

பற்பசையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதிலுள்ள சிலிக்காவும் சுண்ணாம்புத் தூளும் மெய்யாகவே தேய்ப்பான்கள்தாம். இலேசான மங்கலில் பலன் தெரியும். கொசுவிரட்டித் தைலம் பூசினால் தெளிவதும் உண்மையே. ஆனால் அதிலுள்ள டீட் என்னும் வேதிப்பொருள் மேற்பரப்பைக் கரைத்துப் பரப்புகிறதே அல்லாமல் சீராக்குவதில்லை. பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றையும் பாலிகார்பனேட்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது. வார்ப்பில் உறைந்திருக்கும் இழுவிசையோடு சேர்ந்து அவை வெடிப்பை உண்டாக்கிவிடும்.

எதைக்கொண்டு தேய்த்தாலும் மீண்டும் பூச்சு தராமல் விட்டால், அது விளக்குக்குச் செய்யும் கெடுதல்தான் என்பது என் முடிவு. மிச்சமிருந்த தொழிற்சாலைப் பூச்சையும் சேர்த்தே நாம் எடுத்துவிட்டோம். காப்பில்லாத பாலிகார்பனேட் நம் ஊர் வெயிலில் முன்னைவிட வேகமாக மஞ்சளாகும். புற ஊதாத் தடுப்புள்ள கிளியர் கோட் இங்கே இரண்டு வேலை செய்கிறது. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. காற்றும் பாலிகார்பனேட்டும் சந்திக்கும் இடத்தில் 5 சதவீத ஒளி திரும்பிப் போகிறது என்றால், பூச்சும் பாலிகார்பனேட்டும் சந்திக்கும் இடத்தில் 0.1 சதவீதம்கூடத் திரும்புவதில்லை. எனவே கீறல்கள் பூச்சுக்கு அடியில் இருந்தும் இல்லாதவையாகிவிடுகின்றன. பூச்சு தரப்போகிறவர் 1000ஆம் எண்ணோடு தேய்ப்பை நிறுத்தலாம், அந்தச் சொரசொரப்பு பூச்சுக்குப் பிடிமானமாகவும் உதவும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் டூ-கே கிளியர்தான் நீடித்து உழைக்கும், ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிப்பது. துணி முகக்கவசம் அதற்குக் காப்பாகாது. வீட்டில் தேய்த்துவிட்டு, அடிக்கும் வேலையை உரிய சுவாசக் கருவி வைத்திருக்கும் பெயிண்டரிடம் விடுவதே சரி. தாமே முடிக்க விரும்புபவர் துணியால் துடைத்துப் பூசும் வகையையோ பாலியூரித்தேன் படலத்தையோ நாடலாம்; படலம் மணலடியையும் ஓரளவு தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் மட்டும் அடிக்கக் கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பூச்சையே வெளுக்கச் செய்துவிடும்.

பின்விளக்குக்கு இந்த வைத்தியம் பொதுவாகத் தேவைப்படாது. அது பெரும்பாலும் அக்ரிலிக். அதன் சங்கிலியில் பென்சீன் வளையம் இல்லாததால் புற ஊதாக் கதிரை அதிகம் உறிஞ்சுவதில்லை. மெல்லிய பாலிஷ் போதும்.

டூமைக் கழற்றி மாட்டியிருந்தால் ஒளியின் இறக்கத்தைச் சரிபார்ப்பது கட்டாயம். பல கார்களில் விளக்கின் அருகே 1.0% அல்லது 1.2% என்று அச்சிட்டிருப்பார்கள். 10 மீட்டர் தொலைவில் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 10 அல்லது 12 சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்பது அதன் பொருள். ஒரு சதவீத இறக்கத்தில், தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் விளக்குள்ள வண்டிக்கு லோ பீம் 90 மீட்டர் வரை எட்டும், 60 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஸ்போர்ட்ஸ் காருக்கு 60 மீட்டர்தான். அந்தக் குறையை ஈடுகட்ட ஸ்க்ரூவைத் திருகி மேலே ஏற்றினால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சமதளத்தில், டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சுவரில் கோடு போட்டு அளந்தபின்தான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். ஆள் ஏறினால் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து ஒளி மேலே எழும்பும்.